கருவி தவறினால் கையெழுத்திட்டவர்தான் பொறுப்பா?

இரவுப் பணியில் இருக்கும் ஒரு மருத்துவரின் கணினித் திரையைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று வாரமாக விடாத இருமலோடு வந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணின் மார்பு எக்ஸ்ரே படம் அதில் விரிந்திருக்கிறது. படத்தின் மூலையில், மருத்துவமனை அண்மையில் வாங்கிய செயற்கை நுண்ணறிவு மென்பொருள் இட்ட ஒரு சிறிய பச்சைக் குறி. அதன் அருகில் 'குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை' என்ற வரி. அன்றிரவு அவர் பார்த்து முடிக்க வேண்டிய படங்கள் நாற்பதுக்கும் மேல். படத்தை ஒருமுறை பார்க்கிறார், பச்சைக் குறியையும் பார்க்கிறார், கையெழுத்திடுகிறார். எட்டு மாதம் கழித்து அதே பெண் எடை குறைந்து, சளியில் இரத்தத்தோடு திரும்பி வருகிறார். சிடி ஸ்கேனில் நுரையீரலின் மேல்நுனியில் கட்டி இருப்பது தெரிகிறது. பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துப் பார்த்தால், காறை எலும்பின் நிழலுக்குப் பின்னால் அது அன்றைக்கே மங்கலாக இருந்திருக்கிறது.

இந்தப் பெண் கற்பனைப் பாத்திரம். ஆனால் காறை எலும்புக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் கட்டி கற்பனையல்ல. எக்ஸ்ரே வாசிப்பில் மனிதர்கள் நெடுங்காலமாகத் தவறவிட்டுவரும் இடங்களுள் அதுவும் ஒன்று. இங்கே புதிதாக வந்திருப்பது அந்தப் பச்சைக் குறி மட்டும்தான். அது இல்லாதிருந்தால் 'மருத்துவர் கவனிக்கத் தவறினார்' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டிருக்கக்கூடிய செய்தி, அது வந்தபின் நான்கைந்து பேரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது: கையெழுத்திட்ட மருத்துவர், மென்பொருளை வாங்கிப் பொருத்திய மருத்துவமனை, அதை உருவாக்கிய நிறுவனம், விற்பனைக்கு அனுமதி அளித்த ஒழுங்குமுறை அமைப்பு, பயிற்சிக்கான படங்களைக் கொடுத்தவர்கள். இவர்களுள் யார் எந்த அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தொடக்க நிலையில் இருக்கும் வாசகருக்குப் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியைக் கூண்டில் ஏற்ற முடியாது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ஏஐ தவறு செய்துவிட்டது' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம்; சட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. மென்பொருளுக்குச் சொத்து இல்லை, அதனால் இழப்பீடு தர இயலாது. உரிமம் இல்லை, அதனால் பறிக்கவும் இயலாது. எந்த நாட்டின் சட்டமும் அதை ஒரு தனி நபராக ஏற்கவில்லை. எனவே அது செய்த பிழை, அந்த மென்பொருளை உருவாக்கியவர், விற்றவர், வாங்கியவர், பயன்படுத்தியவர் என்ற வரிசையில் யாரோ ஒருவரிடமோ பலரிடமோ வந்து சேர்ந்தே ஆக வேண்டும்.

இதற்கு மாறாக வாதிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மருத்துவத்துக்கு வெளியே நடந்த வழக்கு என்றாலும் சொல்லத் தக்கது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த உரையாடல் மென்பொருள், துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவலைக் கொடுத்தது. வழக்கு வந்தபோது, அந்த மென்பொருள் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற பொருள்பட நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. மருத்துவமனை ஒன்று நாளை இதே வாதத்தை வைத்தாலும் விடை பெரிதும் மாறாது என்றே நினைக்கிறேன்.

மருத்துவரின் பங்கு

மருத்துவ அலட்சியம் என்று சட்டம் சொல்வதற்குள் நான்கு கேள்விகள் அடங்கியுள்ளன. நோயாளியைக் கவனிக்கும் கடமை மருத்துவருக்கு இருந்ததா? அந்தக் கடமையில் அவர் தவறினாரா? நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததா? அந்தத் தீங்கு அந்தத் தவறால்தான் நேர்ந்ததா? நான்குக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால்தான் வழக்கு நிற்கும். முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் எளியவை. சிக்கல் முழுவதும் இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு இவ்விரண்டையும்தான் மேலும் சிக்கலாக்குகிறது.

தவறினாரா என்பதை எதை வைத்து அளப்பது? ஆங்கிலேயச் சட்டத்தில் 1957 ஆம் ஆண்டின் போலம் வழக்கு இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது: அத்துறையில் பொறுப்புள்ள மருத்துவர்களின் ஒரு குழுவாவது சரியென ஏற்கும் முறைப்படி ஒருவர் நடந்திருந்தால், வேறு சிலர் அதை ஏற்காவிட்டாலும், அவர் அலட்சியமாக நடந்தவர் ஆகமாட்டார். ஆங்கிலேய மரபைப் பின்பற்றும் பல நாடுகளின் நீதிமன்றங்கள் இதை எடுத்தாண்டன. 1997 இல் பொலித்தோ வழக்கு அதற்கு ஒரு கடிவாளம் இட்டது. மருத்துவர்கள் சிலர் ஒத்துப்போனால் மட்டும் போதாது, அவர்கள் ஏற்கும் முறை அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்றது.

இந்த அளவுகோலைப் பச்சைக் குறியின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு கோணல் தென்படுகிறது. மென்பொருள் சொன்னதை மருத்துவர் ஏற்றார், அது தவறாகப் போனது என்றால், 'ஒரு கருவியை நம்பி உங்கள் சொந்தக் கண்ணை ஏன் மூடிக்கொண்டீர்கள்?' என்று கேட்பார்கள். மென்பொருள் எச்சரித்தது, மருத்துவர் தம் அனுபவத்தை நம்பி அதைத் தள்ளிவிட்டார், பிறகு எச்சரிக்கையே சரியென்று தெரிந்தது என்றால், 'கண்ணெதிரே வந்த எச்சரிக்கையை ஏன் புறக்கணித்தீர்கள்?' என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் அடி விழும் மத்தளத்தின் நிலை இது. இப்போதைக்குப் பெரும்பாலான இடங்களில் முதல் கேள்வியின் பக்கமே பாரம் அதிகம். கருவி துணைக்குத்தான், முடிவு மருத்துவருடையது என்பதே எல்லாரும் ஏற்ற நிலைப்பாடு. ஆனால் அளவுகோல் காலத்தோடு நகரக்கூடியது. ஒரு வகைக் கருவியைப் பயன்படுத்துவது துறை முழுவதற்கும் வழக்கமாகிவிட்டால், அதைப் பயன்படுத்தாமல் விடுவதே ஒருநாள் அலட்சியமாகக் கருதப்படலாம்.

நான்காவது கேள்வி, அதாவது காரணத் தொடர்பு, இன்னும் கடுமையானது. எட்டு மாதம் முன்பே கட்டி கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அந்தப் பெண்ணின் நிலை வேறாக இருந்திருக்குமா? அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2005 இல் ஏறக்குறைய இதே வடிவமுள்ள ஒரு வழக்கைத் தீர்த்தது. கைக்குக் கீழே இருந்த புற்றுக்கட்டியைச் சாதாரணக் கொழுப்புக்கட்டி என்று மருத்துவர் தவறாகக் கணித்ததால் சிகிச்சை ஒன்பது மாதம் தள்ளிப்போனது. நோயாளி பத்தாண்டு உயிர்வாழும் வாய்ப்பு 42 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகக் குறைந்தது. தொடக்கத்திலேயே அந்த வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்ததால், தாமதமே தீங்குக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று சொல்லி நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கோரிக்கையைத் தள்ளினார்கள். தவறு நடந்தது உண்மை, வாய்ப்பு குறைந்தது உண்மை, இழப்பீடு மட்டும் இல்லை. மனிதர் மட்டுமே சம்பந்தப்பட்ட வழக்கிலேயே இவ்வளவு தடை என்றால், 'மென்பொருள் வேறு விடை சொல்லியிருந்தால் மருத்துவர் வேறு முடிவு எடுத்திருப்பாரா?' என்ற கூடுதல் படியையும் ஏற வேண்டிய நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

'மனிதர் ஒருவர் பார்க்கிறாரே' என்ற ஆறுதல்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை விற்பவர்களும் வாங்குபவர்களும் பாதுகாப்பு பற்றிய கேள்வி எழும்போதெல்லாம் சொல்லும் விடை ஒன்று உண்டு: இறுதி முடிவை மனிதர்தான் எடுக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த மனிதரின் கண்ணைக் கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் இதன் பலவீனம் புரியும்.

2023 இல் 'ரேடியாலஜி' இதழில் வெளியான ஓர் ஆய்வில் 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் 50 மார்பகப் படங்கள் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு படத்தோடும் ஏஐ அளித்த மதிப்பீடு என்று ஒரு குறிப்பு இருந்தது. சிலவற்றில் வேண்டுமென்றே தவறான குறிப்பு வைக்கப்பட்டிருந்தது. குறிப்பு சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் ஏறக்குறைய 80 விழுக்காடு படங்களைச் சரியாக மதிப்பிட்டார்கள். தவறாக இருந்தபோது அது சுமார் 20 விழுக்காடாகச் சரிந்தது. 'அனுபவம் இருந்தால் தப்பித்துவிடலாம்' என்று எண்ணுபவர்கள் அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும்: மிகுந்த அனுபவம் உள்ளவர்களும் 82 விழுக்காட்டிலிருந்து சுமார் 45 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். கருவி சொல்வதன் பக்கம் மனம் தானாகச் சாய்வதைத் தானியங்கிச் சார்பு என்பார்கள். இது சோம்பலோ திறமைக்குறைவோ அன்று. பெரும்பாலும் சரியாகச் சொல்லும் ஒன்றோடு நாள் முழுவதும் வேலை செய்யும் எந்த மனத்துக்கும் நேர்வது. கருவி எவ்வளவுக்கு நல்லதோ அவ்வளவுக்கு, அது தவறும் அரிய தருணத்தில் மனிதர் விழித்திருக்கும் வாய்ப்பும் குறைகிறது.

மெடலின் கிளேர் எலிஷ் என்ற மானுடவியல் ஆய்வாளர் இந்த நிலைக்கு 'மாரல் கிரம்பிள் ஸோன்', அதாவது பழியைத் தாங்கி நொறுங்கும் பகுதி, என்று பெயர் வைத்தார். கார் மோதும்போது பயணிகளைக் காப்பதற்காகத் தான் நொறுங்கும்படி அதன் முன்பகுதி அமைக்கப்பட்டிருக்கும். தானியங்கி அமைப்புகளில் மனிதர் அந்த முன்பகுதியாகிவிடுகிறார், விபத்து நடந்தால் அமைப்பின் பெயரைக் காப்பாற்ற அவர் நொறுங்குகிறார் என்பது அவர் கருத்து. நம் இரவுப் பணி மருத்துவரை நினைத்துப் பாருங்கள். மென்பொருளை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றது என்று அவருக்குத் தெரியாது, ஒரு படத்துக்கு இத்தனை விநாடி என்ற கணக்கையும் அவர் வகுக்கவில்லை. ஆனாலும் வரிசையின் கடைசியில் நின்று கையெழுத்திட்டவர் அவர் என்பதால் முதல் நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும். தவறைத் தடுக்கும் வாய்ப்பு யாரிடம் மிகுதியாக இருந்ததோ அவரிடம் பொறுப்பும் மிகுதியாக இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இன்றைய வழக்கம் பல நேரங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது.

மருத்துவமனை எங்கே வருகிறது?

ஊழியர் பணியின்போது செய்த தவறுக்கு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது பழைய விதி. அதனால் மருத்துவர் மாட்டினால் மருத்துவமனையும் மாட்டும்; அதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. மருத்துவமனைக்கென்று தனியாக உள்ள பொறுப்பே இங்கே கவனிக்கத்தக்கது: எந்தக் கருவியை வாங்குவது, தன் நோயாளிகளிடம் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, வாங்கிய பின்னும் கண்காணிப்பது.

சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது ஒரு பாடம். நோய்த்தொற்று உடல் முழுவதும் பரவி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் என்னும் நிலையை முன்கூட்டியே எச்சரிக்கும் மென்பொருள் ஒன்று அங்கே பல மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையின் சுமார் 38,000 உள்நோயாளிப் பதிவுகளை வைத்து அதைச் சோதித்து, 2021 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்த நோயாளிகளுள் 67 விழுக்காட்டினரை அது கண்டுகொள்ளவே இல்லை. அதே நேரத்தில், அனுமதிக்கப்பட்ட எல்லாருள்ளும் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை மணி அடித்தது. ஒன்று குறைந்தால் மற்றொன்றாவது நன்றாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் கெட்டிருந்தன. ஓயாமல் அடிக்கும் மணியை நாளடைவில் யாரும் காதில் வாங்கமாட்டார்கள் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரியும்.

ஓரிடத்தில் நன்றாக இயங்கிய கருவி வேறோர் இடத்தில் ஏன் தடுமாறுகிறது? படங்களைப் பார்த்துக் கற்கும் மென்பொருள் நாம் கற்பிக்க விரும்பியதை மட்டும் கற்பதில்லை. நிமோனியாவை எக்ஸ்ரேயில் கண்டறியப் பயிற்றப்பட்ட ஒரு மென்பொருளை 2018 இல் ஆராய்ந்தபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே அது மிகத் துல்லியமாகக் கண்டுபிடிக்கக் கற்றிருந்தது தெரிந்தது. நிமோனியா நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனையின் படம் என்றால் 'நிமோனியா இருக்கலாம்' என்பதன் பக்கம் சாய்வது அதற்குக் குறுக்குவழி. வேறு மருத்துவமனைக்குப் போனால் அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும். தாய்லாந்தின் 11 சிகிச்சை நிலையங்களில் நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் ஒரு மென்பொருளைச் செவிலியர்கள் பயன்படுத்தியதைப் பற்றிய 2020 ஆய்வு இன்னொரு வகைத் தடுமாற்றத்தைக் காட்டியது. அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான படங்களைத் தரம் போதாது என்று மென்பொருள் திருப்பியனுப்பியது. அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம். மென்பொருளில் பிழை இல்லை, செவிலியரிடமும் பிழை இல்லை. ஆனால் வேறு மருத்துவமனைக்குப் போய் வேலையை விட்டுவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டியவர் நோயாளி.

இத்தகைய செய்திகள் பொதுவெளியில் வந்துவிட்ட பிறகு, 'விற்றவர் சொன்னார், நம்பினோம்' என்பது ஒரு மருத்துவமனைக்கு நல்ல தற்காப்பாக இருக்க முடியாது.

செய்தவரின் பொறுப்பு

குறைபாடுள்ள பொருளை விற்றவர், அவர் அலட்சியமாக இருந்தாரா இல்லையா என்று பார்க்காமலேயே, அதனால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பு என்பது தயாரிப்புப் பொறுப்புச் சட்டத்தின் சாரம். மென்பொருளுக்கு இது பொருந்துமா என்பதில் நெடுநாள் தயக்கம் இருந்தது. கையில் தூக்கிப் பார்க்க முடியாத ஒன்று பொருளா, சேவையா என்ற கேள்வி அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் நிறைவேற்றிய புதிய தயாரிப்புப் பொறுப்பு நெறியுரை, மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் பொருளே என்று வெளிப்படையாகச் சொல்லி அந்தத் தயக்கத்தை நீக்கிவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9 க்குள் அதைத் தம் சட்டங்களில் சேர்க்க வேண்டும். அதில் நோயாளிக்கு உதவும் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. தன் கையில் உள்ள சான்றுகளை வெளியிடும்படி தயாரிப்பாளருக்கு நீதிமன்றம் ஆணையிடலாம். தொழில்நுட்பச் சிக்கல் காரணமாகக் குறைபாட்டை நிறுவுவது பாதிக்கப்பட்டவருக்கு மிகக் கடினம் என்ற நிலையில், குறைபாடு இருந்திருக்க வாய்ப்புண்டு என்று அவர் காட்டினால், இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று செய்தவருக்கே முழுதும் விளங்காத ஒரு பெட்டியைப் பற்றி நோயாளி சான்று கொண்டுவர வேண்டும் என்று கேட்பதன் அநியாயத்தை இந்த ஏற்பாடுகள் ஓரளவு குறைக்கின்றன.

மென்பொருளால் நோயாளிகள் மாண்ட கதை செயற்கை நுண்ணறிவுக்கு முந்தியது. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை எந்திரம் 1985 க்கும் 1987 க்கும் இடையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனால் இறந்தார்கள். முந்தைய மாதிரிகளில் இருந்த இயந்திரப் பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். இயக்குபவர் திரையில் ஒரு பதிவை மிக வேகமாகத் திருத்தினால் எந்திரத்தின் இரு பகுதிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத நிலையில் நின்றுவிடும். அப்போது திரையில் தோன்றியது 'மால்ஃபங்ஷன் 54' என்ற வரி மட்டுமே. கையேட்டில் அதற்குப் போதிய விளக்கம் இல்லை. இப்படிப்பட்ட பிழைச் செய்திகள் நாள்தோறும் வந்துபோனதால், தொடர்வதற்கான விசையை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது இயக்குபவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. புகார்கள் போனபோது, அளவுக்கு மீறிய கதிர்வீச்சு இந்த எந்திரத்தில் நேரவே முடியாது என்று தயாரிப்பாளர் பதில் சொன்னார். கடைசியில் ஒரு மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குபவரும் சேர்ந்து, அதே விசைகளை அதே வேகத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பிழையை வரவழைத்துக் காட்டினார்கள்.

தெராக்-25 இன் பிழையைத் தேடிப் பிடிக்க முடிந்தது, ஏனெனில் அது யாரோ எழுதிய சில வரிகளில் இருந்தது. எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் இன்றைய நரம்பு வலையமைப்பு மென்பொருளில் அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு வரி இல்லை. கோடிக்கணக்கான எண்களில் பரவிக் கிடக்கும் பிழையை எங்கே என்று காட்டுவது? போதாக்குறைக்கு, மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அனுமதி பெற்ற பதிப்பும் இன்று இயங்கும் பதிப்பும் ஒன்றல்ல என்ற நிலையில், எந்த மாற்றங்களைச் செய்யப்போகிறோம் என்ற திட்டத்தையே முன்கூட்டி ஒப்படைத்து அனுமதி பெறும் முறையை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கொண்டுவந்திருக்கிறது.

தானாக முன்வந்து பொறுப்பேற்ற உதாரணமும் உண்டு. 2018 ஏப்ரலில் அந்த நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்ற ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற மென்பொருள், நீரிழிவு நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, கண் மருத்துவர் யாரும் மறுபடி பார்க்காமலேயே, 'கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்' அல்லது '12 மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள்' என்று தானே முடிவு சொல்லும். விதித்த முறைப்படி பயன்படுத்தினால் அதன் கணிப்புக்குத் தாங்களே பொறுப்பு என்று அதை உருவாக்கிய நிறுவனம் அறிவித்தது. தன் கருவி தனியாக முடிவெடுக்கும் என்று சொல்பவர் அந்த முடிவின் பின்விளைவையும் ஏற்பதுதானே முறை? மற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் 'இது துணைக்கருவி மட்டுமே' என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வைப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளம்பரத்தில் நிபுணருக்கு நிகர் என்றும் ஒப்பந்தத்தில் வெறும் துணை என்றும் ஒரே கருவி பேசுவதை மருத்துவமனை நிர்வாகிகள் கவனித்துப் படிப்பது நல்லது.

யாரும் தவறாத தவறு

இதுவரை பார்த்தவற்றில் யாரோ ஒருவரின் பிழை இருந்தது. எல்லாரும் தம் வேலையைச் சரியாகச் செய்தும் தீங்கு நேர்வது வேறு வகை. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் பயன்பட்ட ஓர் அல்காரிதத்தை 2019 இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு அலசியது. நோயின் கடுமையை நேரடியாக அளப்பதற்குப் பதிலாக, அடுத்த ஆண்டு அவருக்கு எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும் என்பதை அது கணித்தது. செலவைச் சரியாகவே கணித்தது. ஆனால் கறுப்பின நோயாளிகளுக்கு, அதே அளவு நோய் இருந்தும், குறைவாகவே செலவிடப்பட்டு வந்திருந்தது; அதனால் அவர்கள் நலமாக இருப்பதாக அல்காரிதம் எடுத்துக்கொண்டது. இந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதில் தனி நோயாளி ஒருவர் எப்படி வழக்குத் தொடுப்பார்? தமக்கு ஏதோ மறுக்கப்பட்டது என்பதே அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அலட்சியச் சட்டம் ஒருவருக்கு ஒருவர் செய்த தீங்கைத் தீர்க்க வளர்ந்தது. கூட்டமாக நிகழும் தீங்கைப் பிடிக்க அதன் கை எட்டாது. இந்த இடத்தில் முன்கூட்டிய சோதனையும் ஒழுங்குமுறையும்தான் வேலை செய்ய முடியும்.

யார் தவறு என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டுப் பாதிக்கப்பட்டவருக்கு உதவும் வழியும் இருக்கிறது. நியூசிலாந்தில் 1974 முதல் நடைமுறையில் உள்ள விபத்து இழப்பீட்டுத் திட்டம், சிகிச்சையால் நேரும் காயங்களுக்கும், எவருடைய பிழையையும் நிறுவச் சொல்லாமல், பொதுநிதியிலிருந்து உதவுகிறது. காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாத கருவிகளின் காலத்துக்கு இது பொருத்தமாகத் தோன்றலாம்; ஆனால் பிழை செய்தவருக்குச் செலவே இல்லை என்றால் திருத்திக்கொள்ளும் அக்கறை எங்கிருந்து வரும் என்ற எதிர்க்கேள்வியும் வலுவானதே.

நோயாளிக்குச் சொல்ல வேண்டுமா?

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015 இல் மாண்ட்கோமரி வழக்கில், ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டுமா என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து அல்லாமல், அந்த நோயாளியின் இடத்தில் உள்ள ஒருவர் அதை முக்கியமாகக் கருதுவாரா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்றது. இதை ஏஐக்கு நீட்டினால், படத்தை மென்பொருள் முதலில் பார்க்கிறது என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி வரும். இரத்தப் பரிசோதனை எந்திரத்துக்குள் எந்த மென்பொருள் ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு முடிவை மருத்துவருக்குப் பதிலாக மென்பொருள் எடுக்கிறது என்றால், அது நோயாளிக்குத் தெரிய வேண்டிய செய்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நோயாளி தாமாகவே உரையாடல் மென்பொருளிடம் அறிகுறிகளைச் சொல்லிக் கேட்பது வேறு கதை. அங்கே மருத்துவர் இல்லை, ஆகவே மருத்துவ அலட்சியச் சட்டத்தின் முதல் கேள்வியே நின்றுவிடும். அது மருத்துவக் கருவியாக அனுமதி பெற்றதும் அன்று. இத்தகைய மொழி மாதிரிகள் இல்லாத ஒன்றை இருப்பதாகத் தடையின்றி எழுதக்கூடியவை. உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த ஆபத்தையும் தானியங்கிச் சார்பையும் எடுத்துச் சொல்கிறது. மருத்துவரே இவற்றைக் கொண்டு நோயாளிக் குறிப்பு எழுதினால், எழுதாத ஒவ்வாமையோ சொல்லாத மருந்தோ அதில் நுழைந்துவிடலாம். கையெழுத்து மறுபடியும் அவருடையதே.

அன்றிரவுப் பதிவில் என்ன இருக்கிறது?

நம் கற்பனைப் பெண்ணின் வழக்குக்குத் திரும்புவோம். அவருடைய வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது தத்துவமல்ல, பதிவு. அன்றிரவு இயங்கியது மென்பொருளின் எந்தப் பதிப்பு? சந்தேகத்துக்கு இடமானது என்று காட்ட அதில் வைத்திருந்த வரம்பு எண் எவ்வளவு, அதை வைத்தது நிறுவனமா, எச்சரிக்கைகள் அதிகம் என்று சலித்துக்கொண்ட மருத்துவமனையா? அந்தப் படத்துக்கு மென்பொருள் கொடுத்த மதிப்பெண் வரம்புக்கு வெகுவாகக் கீழே இருந்ததா, மயிரிழையில் தப்பியதா? மருத்துவர் படத்தைத் திறந்தபோது பச்சைக் குறி ஏற்கெனவே திரையில் இருந்ததா, அல்லது அவர் தம் கருத்தைப் பதிந்த பிறகுதான் காட்டப்பட்டதா? பச்சைக் குறி பிறகு காட்டப்படும்படி அமைத்திருந்தால், சார்பு ஒரு பகுதியாவது குறைந்திருக்கும். அப்படி அமைப்பதும் அமைக்காததும் அவர் கையில் இல்லை, அவருக்கு மேலிருந்தவர்கள் கையில் இருந்தது. மதிப்பெண் மயிரிழையில் தப்பியிருந்து, வரம்பை உயர்த்தியது மருத்துவமனை என்று தெரிந்தால், வழக்கின் பாரம் மருத்துவரின் மேலிருந்து பெரும்பகுதி நகர்ந்துவிடும். காறை எலும்புக்குப் பின்னால் உள்ள கட்டிகளில் தன் கருவி பலவீனமானது என்று நிறுவனத்துக்கு முன்பே தெரிந்தும் கையேட்டில் எழுதவில்லை என்றால், அது இன்னும் மேலே போகும்.

அதிக ஆபத்துள்ளவை என வகைப்படுத்தப்பட்ட ஏஐ அமைப்புகள் தம் இயக்கத்தைத் தானாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் சொல்கிறது. பயன்படுத்துபவர்கள் அந்தப் பதிவுகளை, வேறு சட்டம் கூடுதலாகக் கேட்காதவரை, குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தப் பெண்ணின் நுரையீரலில் கட்டி இருப்பது தெரியவந்தது எட்டாவது மாதத்தில்.